புள்ளி ஏழு

சிராங்கூன் சாலைக்கு அடியில் சுரங்கம் வந்த மாதம்
தினமும் ஆறரைக்கு அச்சகத்துக்கு வருவார்
பொறியாளர் தவமலர்.
சேறு காயாத பூட்ஸ். காதில் பென்சில்.
வணக்கம் எனக்கல்ல,
பின்சுவர் விரிசலுக்கு.

அதன் குறுக்கே கோடு கிழித்த தகடு ஒன்றைப் பொருத்தி,
"இது நகர்ந்தால் நடுராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.
வேறெது நகர்ந்தாலும் காலையில் பேசலாம்."

கீழே கடற்களிமண்.
அதை மிரட்ட முடியாது,
சம்மதிக்க வைக்கணும் என்பார்.
அச்சுப்புள்ளி பார்க்கும் என் லென்ஸை இரவல் வாங்கி
குனிந்து படிப்பார்:
புள்ளி மூன்று.
புள்ளி ஐந்து.
புள்ளி ஏழு.
புள்ளி ஏழு.
புள்ளி ஏழு.
அன்று மட்டும் ஒரு தே ஓ குடித்தார், நின்றபடியே.

பிறகு வேறு தடங்கள், வேறு யார் யார் சுவர்களோ.
சுரங்கப் பிரிவுக்குத் தலைமையேற்ற முதல் பெண் என்று
நாளிதழில் படம் வந்தது.
அதிலும் அவர் பார்ப்பது கேமராவை அல்ல,
பக்கத்துத் தூணை.

இருபது வருடம் கழித்து
பணிஓய்வு விருந்துக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தார்,
பஸ்ஸில்.
"ரயிலில் ஏறினால் காது வேலைக்குப் போய்விடுகிறது."

பதவிகள், பதக்கங்கள், நிலையங்கள் என்று
நான் கோத்துவைத்த மாதிரித்தாளை
மேசையிலேயே விட்டுவிட்டு
பின்சுவருக்கு நடந்தார்.
நான்கு முறை சாயம் அடித்தும்
தகட்டைச் சுற்றித்தான் அடித்திருந்தேன்.
கையை மட்டும் பின்னால் நீட்டினார்.
லென்ஸை வைத்தேன்.

தரைக்கடியில் ஒரு ரயில்
தோபி காட் பக்கம் போயிற்று.
அது முழுதாய்க் கடக்கும்வரை காத்திருந்து
"புள்ளி ஏழு" என்றார்.

அப்புறம்தான் மாதிரித்தாளை எடுத்து
அதே லென்ஸால் காட்டினார்:
அவர் பெயரின் கடைசி எழுத்தில்
புள்ளி விட்டுப்போயிருந்தது.