துடைப்பதற்கு முன்

முதல் பயணி ஏறுவதற்குள்
இருபத்தாறு ரோப்கார் பெட்டிகள் என் கணக்கு.
பெட்டிக்கு மூன்று நிமிடம்.
எல் ஆல்ட்டோவின் குளிர்
முதலில் வாளித் தண்ணீரில் கைவைத்துப் பார்க்கும்,
பிறகு என் விரல்களுக்கு வரும்.

வியாழக்கிழமைச் சந்தையில்
கழற்றிப்போட்ட கார் கதவுகளுக்கும்
யாருடையதோ பல்செட்டுக்கும் நடுவே
கேமரா கிடந்தது. பேரம் பேசத் தெரியவில்லை, வாங்கிவிட்டேன்.
உள்ளே ஒரே ஒரு படம் மிச்சமிருந்தது:
கேக், ஏழு மெழுகுவர்த்திகள்,
ஊதுகிற வாய் மட்டும் படத்துக்கு வெளியே.
அழிக்கவில்லை.
அழிக்கிற வேலைதான் காலையிலேயே முடிந்துவிடுகிறதே.

எல்லாரையும் போல நானும்
இல்லிமானி மலையைத்தான் எடுக்க நினைத்தேன்.
காலண்டரில் இருக்கிறது,
பல் டாக்டர் அறையில் இருக்கிறது,
என்னிடம்தான் இல்லை.

கிழக்கு வெளுக்கும்போது
கடைசிப் பெட்டிக்குள் நின்று ஜன்னல்வழியே குறிவைப்பேன்.
பொத்தானைப் பாதி அழுத்தினால்
பச்சைக் கட்டம் ஒன்று எதையோ தேடும்.
தேடி,
அவ்வளவு பெரிய மலையை விட்டுவிட்டு
கண்ணாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
மலை, சிந்திய பால்.
முன்னால், மயிரிழை பிசகாமல்,
எவருடைய நெற்றி எண்ணெயோ.

பதினோரு நாள். பதினொன்றும் நெற்றி.
கையேட்டைப் புரட்டினேன்,
ஜப்பானிய மொழியில் சிரித்தது.

பன்னிரண்டாம் நாள் படத்தை
அழிக்கப்போகுமுன் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நெற்றிக்குக் கீழே மூச்சு படிந்த வட்டம்,
வட்டத்துக்குள் விரலால் எழுதிய எண்கள்:
450
60
85
அடியில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.
இறங்கும் இடம் வந்திருக்கும்.

அதற்கப்புறம் துணிக்கு முன்னால் கேமராவை எடுத்தேன்.
குழந்தை நக்கிய தடம். தொப்பி விளிம்பு உரசிய கீறல்.
ஒரு மூக்கு, அதன் பக்கத்திலேயே
கொஞ்சம் வெட்கத்தோடு இன்னொரு மூக்கு.
எடுப்பேன், துடைப்பேன்.
துடைக்காமல் விட்டால் சம்பளம் போய்விடும்.
மூன்று நிமிடத்தில் எனக்கென்று பத்து நொடி,
அதையும் ரெமிஹியோ பார்த்துவிட்டான்.
‘எவுலாலியா, புகார் கொடுக்கவா எடுக்கிறாய்?’
இல்லை என்றேன்.
‘பிறகு எதற்கு?’
வாளியில் தண்ணீர் மாற்றவேண்டும் என்று நகர்ந்துவிட்டேன்.

கணக்குப் படத்தைப் பெரிதாக அச்சிட
ஃபவுஸ்தோவின் கடையில் கொடுத்தேன்.
மாலை போனபோது
இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.
‘என்னம்மா, ஒரே கறை.
ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன்.
மலை கலங்கித்தான் இருக்கு, அதுக்கு நான் என்ன பண்ண?
கறை எடுத்ததுக்குக் காசு வேண்டாம்.’

கண்ணாடி பளிச்சென்று இருந்தது.
என் வேலையைவிடச் சுத்தம்.
நாள் முழுக்கத் துடைக்கிறவளுக்கு
ஒருவன் அன்போடு துடைத்துக் கொடுத்திருக்கிறான்,
கோபம் எங்கிருந்து வரும்?

‘திரும்பப் போடு’ என்றேன்.
‘எதை?’
‘கறையை.’
உயரம் ஒத்துக்கொள்ளாத வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
கோகா மிட்டாய் ஒன்றை நீட்டினான்.
சப்பிக்கொண்டே காத்திருந்தேன்.
பழைய கோப்பைத் தேடியெடுத்து மறுபடி அச்சிட்டான்,
இந்த முறை காசு வாங்கிக்கொண்டான்.

என் அறைக்கு ஜன்னல் கிடையாது.
கட்டிலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன்.

ஒருரோவிலிருந்து வந்த தங்கை பெனிதா
பையைக்கூட இறக்காமல்
‘உன் வேலையே இதுதானே,
இதைத் துடைக்கக்கூடாதா?’ என்றாள்.
கட்டிலில் முழங்காலிட்டு
கிட்டே போனாள்.
போனவள் திரும்பவில்லை.
உதடுகள் மட்டும் அசைந்தன,
விரல் ஒவ்வொன்றாக மடங்கியது.

‘எவ்வளவு வருது?’ என்றேன்.

‘குறையுது’ என்றாள்.