ஈடு

பங்குனி வெயிலில் பழையபேட்டைத் தெருவுக்குள்
கடன் ஆய்வுக்குப் போனவனுக்கு
முதலில் பல் கூசியது.
வாசலுக்கு வாசல் புளிக் குவியல்.
கையில் கட்டை, காலிடுக்கில் கல்,
டக் டக்கென்று ஒரு தெருவே
கொட்டை தட்டிக்கொண்டிருந்தது.

விண்ணப்பதாரர்: முனிரத்தினம்மா, வயது நாற்பத்தொன்று.
கணவர்: திம்மராயன்.
தொழில் என்ற கட்டத்துக்குக்
கணினி என்னிடம் நீட்டியவை மூன்று:
இல்லத்தரசி, கூலி, மற்றவை.
மற்றவையை அழுத்தினேன்.

இருபத்திரண்டு வருடமாகக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.
இப்போது பதினான்கு பேர் சேர்ந்து
தாங்களே சரக்கு எடுக்க ஆறு லட்சம் கேட்கிறார்கள்.
"கட்டுப்படியாகுமா?" என்றேன்.
ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் நிறுத்தாள்.
"நூத்தம்பது கிராம். போட்டுப் பாருங்க."
போட்டேன். நூற்று நாற்பத்தெட்டு.
"ரெண்டு கிராம் தராசு திங்குது"
என்றாள் பக்கத்திலிருந்த சாக்கம்மா, சிரிக்காமல்.

"நூறு கிலோ கொட்டைப்புளி எடுத்தா
சதை அம்பத்தஞ்சு நிக்கும்.
கொட்டை முப்பத்தஞ்சு,
அதைப் பசை மில்லுக்காரன் வந்து அள்ளிக்குவான்.
மீதி பத்து, நாரும் தூசும்.
கொஞ்சம் எங்க நகம்.

பங்குனியில விலை படுத்துக்கும் சார்,
ஐப்பசியில எழுந்து உட்காரும்.
நடுவுல குளிர் கிடங்குல அது தூங்கணும்.
மண்டிக்காரர் தூங்க வைக்கிறார்.
நாங்க தட்டிக் குடுத்துட்டு வந்துடுறோம்.
காசு தூங்குறதுக்குத்தான்,
தட்டுறதுக்கு இல்ல."

கிளைக்குத் திரும்பிப் பழைய கணக்கைத் திறந்தேன்.
பதினோரு வருடத்தில் ஒன்பது நகைக்கடன்.
ஒன்பதும் திம்மராயன் பெயரில்.
ஒன்பதுக்கும் ஈடு ஒரே சங்கிலி, பதினெட்டு கிராம்.
வட்டி கட்டிய சீட்டுகளின் ஓரத்தில்
பழுப்பாக விரல் கறை.
யார் கட்டினார்கள் என்று
கறை பிடிக்காத விரல்கள் எதற்குக் கேட்கப் போகின்றன?
கடைசிக் கடன் ஆழ்துளைக் கிணற்றுக்கு.
எண்ணூற்று நாற்பது அடியில் வெள்ளைப் புழுதி.
அந்தப் புழுதிக்கு நாங்கள்
லாபம் வருமா என்று கேட்டதில்லை.

மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன்:
'திருப்பிச் செலுத்தும் திறன்,
பதினோரு வருடமாக வேறொருவர் பெயரில்
நிரூபிக்கப்பட்டுள்ளது.
இது தர்மம் அல்ல.
இந்தத் தெருவில் மட்டும் அறுபது வீடு;
அறுபதையும் நாம் கணக்கில் எடுக்காமல் விட்டதில்
கைவிட்டுப் போன வட்டியை இணைத்திருக்கிறேன்.'

பதில் ஒரே வரி.
ஈடு என்ன?

நிலம் கணவன் பெயரில்.
வீடு மாமனார் பெயரில், அவர் போய் ஆறு வருடம்.
சங்கிலி நம் பெட்டகத்திலேயே.
இப்படித்தான் எழுதி அனுப்பினேன்,
ஒரு சொல் கூட்டாமல்.

கேட்டது ஆறு. வந்தது மூன்று.

ஐப்பசியில், குடை சொட்டச் சொட்ட
ஏழெட்டுப் பேராக வந்தார்கள்.
மஞ்சள் பையிலிருந்து கட்டுக் கட்டாக.
அசல், வட்டி, ஒரு ரூபாய் நாணயம் வரை.
"மூணு லட்சத்துச் சரக்கும் நல்ல விலைக்குப் போச்சு" என்றாள்.
"மிச்சத்த மண்டிக்காரர் எடுத்து வித்தார்.
எங்களுக்குத் தட்டுக்கூலி வந்துடுச்சு,
அந்த மூணு லட்சத்து வட்டி
உங்க பேங்க்குக்குத்தான் நட்டம்."

மேலாளர் தண்ணீர் குடித்தார்.

பிறகு நகைக்கடன்.
திம்மராயன் கையெழுத்துப் போட்டான்,
எங்கே என்று விரலால் காட்டினாள்,
பணத்தை அவளே எண்ணி வைத்தாள்.
அரக்கு முத்திரையை உடைத்து
சங்கிலியை அவள் கையில் விட்டேன்.
கண்ணை மூடினாள். கை லேசாக ஏறி இறங்கியது.

"பதினெட்டு. சரியா இருக்கு."

எடைத் தராசின் மூடியை
நான் இன்னும் திறக்கவில்லை.