லோபியோவும் தூத்தாவும்

குத்தாய்சி நகரில், நான்காம் மாடியில்
ஏழு வருடம் ஒரே கூடையில் உறங்கியவை.
எந்த வால் எதனுடையது என்று
எத்தேரிக்கே சில காலைகளில் தெரியாது.

செவ்வாயன்று தூத்தாவுக்கு ஒரு பல் பிடுங்கினார்கள்.
சாயங்காலம் திரும்பி வந்தது,
ஸ்பிரிட்டும் ரப்பர் கையுறையும் மணக்க.

லோபியோ முகர்ந்தது.
முதுகு வில்லாயிற்று,
வால் புட்டி கழுவும் பிரஷ்.
யார் நீ என்று சீறியது.
தூத்தா திரும்பித் தன் பின்னால் பார்த்தது,
வேறு யாரையோ சொல்கிறதென்று.

மூன்று நாள் நடுவே ஒரு கதவு.
அதன் இருபுறமும் ஒரே நேரத்தில் மீன்.
பழைய கம்பளிச் சட்டையால்
இதைத் துடைத்து அதை,
அதைத் துடைத்து இதை.

சட்டை நுக்ஸாருடையது. போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
போன முறை வந்தபோது
ஏதோ புதுச் சோப்பு மணந்தான்.
அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்,
பன்னிரண்டு இரவும்.

வெள்ளியன்று கதவைத் திறந்தாள்.
லோபியோ வந்தது, நின்றது,
தூத்தாவின் காதை ஒரே ஒருமுறை நக்கிவிட்டு
பிரிட்ஜ் மேல் ஏறிக்கொண்டது.

எத்தேரி போனைத் தேடினாள்.
போலந்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும்.