ஃபஹாஹீல் சலவைக்கடையில் ஐசக்

முதலில் படங்களுக்குக் கீழேதான் எழுதிப் பழகினேன்.
யாரோ ஒருத்தியின் பிறந்தநாள் கேக்,
யாரோ ஒருவன் பிடித்த மீன்.
"வெரி நைஸ்."
ஒரு மாதம் கழித்து
"வெரி நைஸ் ஃபிஷ் சார்."

ஸ்டார்ச் டப்பாவில் சாய்த்து வைத்த போன்.
இடக்கையில் திஷ்தாஷாவின் கழுத்துப்பட்டை,
வலக்கையில் இஸ்திரி.
நீராவி அடங்கும் இடைவெளியில்
கட்டைவிரலால் ஒரு வாக்கியம்.
இரவுக்கு நாற்பது திஷ்தாஷா, நாலு வாக்கியம்.

இசக்கிதுரை என்ற பெயரைத்
திரைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள்
ஐசக் என்று சுருக்கிக்கொண்டார்கள்.
நானும் விட்டுவிட்டேன்.
ஐசக்குக்குக் கடன் இல்லை.
ஐசக்கிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்டதில்லை.

ஆங்கிலத்தில் எனக்குப் பிடித்த சொல் யூ.
கோயாக்காவுக்கும் யூ, குவைத்திக்கும் யூ,
குப்பை அள்ள வருகிற வங்காளிக்கும் யூ.
நீயா நீங்களா என்று
நாக்கு ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டியதில்லை.
அந்த ஒரு நொடிக்குள்தான்
எங்கள் ஊர் முழுக்க இருக்கிறது.

நீளமாக எழுதியிருந்தால், பழைய படம் போட்டிருந்தால்
கங்கிராஜுலேஷன்ஸ் சொல்ல வேண்டும்:
இது நானாகக் கண்டுபிடித்த இலக்கணம்.
பத்தில் ஒன்பது தடவை சரியாகவே இருந்தது.
பத்தாவது லோரெட்டா.
பதிமூன்று வருடங்கள், ஒரு நாய், அதன் பெயர் பிஸ்கட்.
கடைசிப் பத்தியை நான் படிக்கவில்லை,
வாசலில் ஒருவர் காரில் இருந்தபடியே
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
"கங்கிராஜுலேஷன்ஸ் மேடம்."

விடிவதற்குள் இருநூறு பேர் திட்டியிருந்தார்கள்.
ஒவ்வொரு வசவையும் அகராதியில் தேடினேன்.
பதினொரு புதுச் சொற்கள்.
அதில் ஒன்று கோயாக்கா என்னை அடிக்கடி கூப்பிடுவது;
செல்லப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

வசவுகளுக்கு நடுவே
எல்லோரும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்:
சாரி ஃபார் யுவர் லாஸ்.
லாஸ் எனக்குத் தெரியும்.
மாசக் கடைசியில் கல்லாவை மூடிக்கொண்டு
கோயாக்கா சொல்வது அதைத்தான்.
சம்பளம் பத்தாம் தேதிக்கு மேல் என்று அர்த்தம்.
நாய் செத்ததில் இவளுக்கு என்ன நஷ்டம்,
நாயை வைத்து ஏதும் தொழில் செய்தாளோ
என்று யோசித்துக்கொண்டே தேய்த்தேன்.
புரிந்தபோது
யாரோ ஒருவரின் சட்டைக்கையில்
இஸ்திரியின் உருவம் மஞ்சளாகப் பதிந்திருந்தது.
மூன்று தினார் பிடித்தம்.

லோரெட்டாவுக்கு எழுதினேன்:
"சாரி மேடம். மை இங்கிலீஷ் இஸ் ஸ்மால்.
பிஸ்கட் இஸ் பிக்."
அவள் ஒரு இதயம் போட்டாள்.

அடுத்த மாசக் கடைசி.
கல்லாவை மூடிவிட்டு
"லாஸாடா, லாஸ்" என்றார் கோயாக்கா.
"சாரி ஃபார் யுவர் லாஸ்" என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார்.
அந்த முறை சம்பளம் எட்டாம் தேதி வந்தது.

பூர்ண தமாங்குக்கு என் கட்டிலின் மேல்தட்டு.
எனக்கு நேபாளி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது.
எங்களுக்கு நடுவில் இருந்த இந்தி
உப்பு, சிம் கார்டு, வெந்நீர் என்பதோடு தீர்ந்துவிடும்.
ஒரு வியாழக்கிழமை ராத்திரி மேல்தட்டு குலுங்கியது.
போனில் ஒரு கிழவர்,
கழுத்தில் வெள்ளைத் துணி.
"ஃபாதர்" என்றான்.

இரும்பு ஏணியில் பாதி ஏறி
அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு
அந்த வரியைச் சொன்னேன்.
பிசிறில்லாமல் வந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"லாஸ்? ஹவ் மச்?"

பிறகு அவனே விரல் மடக்கத் தொடங்கினான்.
டிக்கெட் நூற்றுப் பத்து தினார்.
போகிற மாதத்துக்குச் சம்பளம் இல்லை.
ஏஜெண்டுக்கு இன்னும் பதினாறு தவணை.
லாமாக்களுக்கு, விருந்துக்கு, ஊர் கூடுவதற்கு.
நான் கால்குலேட்டரைத் திறந்தேன்.
அவன் சொல்லச் சொல்லத் தட்டினேன்.

சுபுஹு பாங்கு கேட்டபோது
ஒரு எண்ணில் வந்து நின்றது.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
திரை அணைந்தது.
தொட்டேன்.
அப்படியே இருந்தது.