சுழல்கதவு

மேனேஜர் ஒட்டிய தாளில் இருப்பது இவ்வளவுதான்:
மாலை ஆறுவரை போன்ஜூர், அப்புறம் போன்சுவார்.
பெயர் தெரிந்தாலும் மிஸ்யூ, மதாம்.
எப்போதும் 'வூ'. மறந்தும் 'த்யூ' கூடாது.

தாளில் இல்லாத 'சலூ'வை
ஸ்டாஃப் பஸ்ஸில் கோஸி கொடுத்தான்,
டோகோக்காரன், பெட்டி தள்ளுகிறவன்.
வந்தாலும் சலூ, போனாலும் சலூ.
ஒரே சொல்லா, இவ்வளவு கஞ்சமா என்றேன்.

நேற்று இரவு, விசா கேன்சலாகி,
சட்டை மாற்றிக்கொண்டு
லாபி வழியாகவே போனான்
முதல் தடவையாகத் தன் பெட்டியைத் தள்ளி.
என் தலைக்கு மேலே கேமரா.
போன்சுவார், மிஸ்யூ, என்றேன்.
சிரித்தான். பொன் சுவாரே, மதாம்.

கதவு சுழன்று
தோஹாவின் வெக்கையை ஒரு விள்ளல் உள்ளே விட்டது.
சலூ, என்றது வாய்.
வந்ததற்கா, போனதற்கா,

அதற்குள் யாரோ
பாஸ்போர்ட்டை நீட்டினார்.