தூவி

ஆடித் தள்ளுபடி இங்கேயும் உண்டு.
கான்பராவில், ஃபிஷ்விக் தொழிற்பேட்டையில்,
டயர்க் கடைக்கும் குளியலறை ஓடு விற்பவருக்கும் நடுவே
கூடாரம் விற்கும் கடை.
மணி ஒன்பதரை. வெளியே புல் இன்னும் வெள்ளை.

சுகிர்தா இரவுப் பணி முடித்து நேராக வந்திருக்கிறாள்.
மருத்துவமனை அட்டை கழுத்தில் கவிழ்ந்து தொங்குகிறது.

சனிக்கிழமை கிளம்புகிறோம்.
இரண்டு சைக்கிள், நாலு நாள்,
ஒரோரல் பள்ளத்தாக்கு வழியாக மண்பாதை.
கைப்பிடியில் கட்டும் பைக்கு ஒன்பது லிட்டர்தான் வயிறு.
அதற்குள் ஒருத்தியின் இரவு மொத்தமும் அடங்க வேண்டும்.

நான் மூன்று வாரம் படித்துவிட்டு வந்தவன்.
எண்ணூற்றைம்பது என்றால்
ஒரு அவுன்ஸ் எவ்வளவு தூரம் பொங்கும் என்று தெரியும்.
அறுநூறு கிராமுக்குமேல் எதையும்
கையால் தொடுவதில்லை என்று முடிவு.

பட்டையில் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருக்கிறார்கள்.
ஒன்று, பெண்ணொருத்தி சுகமாக உறங்க.
மற்றது, ஆணொருவன் சுருண்டு கிடந்து
விடியும்வரை தாக்குப்பிடிக்க.
அந்த ஆண் எந்த ஊர்க்காரன்,
அவன் பக்கத்தில் படுத்திருந்தது யார்,
பட்டை சொல்வதில்லை.
இத்தனை நாளும் நான் அவன் எண்ணைத்தான் பார்த்து வந்தேன்.
பெரிய எழுத்தில் இருந்தது அதுதான்.

"போன தடவை," என்றாள் சுகிர்தா.
அதற்குமேல் சொல்லவில்லை.
போன தடவை அவள் காலுறைமேல் என் காலுறை,
அதன்மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை,
மூன்று மணிக்கு எழுந்து
சைக்கிள்களைச் சுற்றிச் சுற்றி நடந்தாளாம்.
காலையில் சொன்னாள். நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

"இது எந்த வாத்து?"
லாக்லன் என்ற பையன், தாடி இன்னும் யோசனையில் இருக்கும் வயசு,
பட்டை எண்ணைத் தட்டிப் பார்த்து,
"வாத்தில்லை, கூஸ்," என்றான்.
தமிழில் இரண்டும் வாத்துதான் என்று அவனுக்கு விளக்கவில்லை.
ஆனால் தூவி என்றொரு சொல் வைத்திருக்கிறோம்,
இதற்கென்றே, இரண்டாயிரம் வருஷமாக.
அன்னத்தின் தூவி அடைத்த மெத்தைகள்
பழைய பாட்டுகளில் அரசிகளுக்கு வாய்த்தன.
ஒருத்தியும் உறங்கியதாகத் தெரியவில்லை.

முதல் பையை விரித்துத் தரையிலேயே படுத்தாள்.
"தோள் இடிக்குது."
இரண்டாவது என் தேர்வு, ஐந்நூற்று நாற்பது கிராம்.
"ஸ்கேன் எடுக்கிற மாதிரி இருக்கு."
மூன்றாவது பாசி நிறம், தலைக்குத் தனிக் கூடு.
ஜிப்பை மூக்குவரை இழுத்தாள்.
தீர்ப்புக்காக நின்றோம், நானும் லாக்லனும்.

தீர்ப்பு வரவில்லை.
லாக்லன் குனிந்து பார்த்தான். பிறகு போய்
ரேடியோவின் ஒலியைக் குறைத்தான்.

கேஸ் டப்பா வாங்க வந்த ஒருவர்
அவளைத் தாண்டிக் காலெடுத்து வைத்தார், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.
நான் அவள் காலணியைக் கையில் பிடித்தபடி
கூட்டிக் கழித்தேன்.
நூற்று எழுபது கிராம் கூடுதல்.
காப்பி வடிகட்டியை விட்டுவிடலாம்.
புத்தகத்தில் படித்த பாதியைக் கிழித்து வைத்துவிடலாம்.
டாலர் கணக்கு வேறு; அது
கிழித்து வைக்கிற சங்கதி இல்லை.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து,
கண் திறக்காமல், "எவ்வளவு?" என்றாள்.
கிராமா, விலையா என்று நான் கேட்கவில்லை.
"சரியாத்தான் இருக்கு."

உள்ளேயிருந்து புதுசு எடுத்துவரட்டுமா என்றான் லாக்லன்.
வேண்டாம், இதுவே போதும்.

வண்டி நிறுத்துமிடத்தில் முழங்காலிட்டுத் திணித்தேன்.
அது மூச்சு விட்டு விட்டுச் சுருங்கியது,
ஒவ்வொரு பிடிக்கும் கொஞ்சம் எதிர்த்தது.
கால்மாட்டில் இன்னும் சூடு இருந்தது.
அதையும் சேர்த்தே அழுத்திக் கட்டினேன்.