கழித்தல்

துலாம்சுரேன் பெயருக்குள் ஒரு துலாம் இருப்பது
எனக்குத்தான் தெரியும்.
அவள் மொழியில் அது ஒரு தேவியின் பெயர்.
உலான்பாத்தரில் மின்பேருந்து ஓட்டுகிறாள்,
கூரையில் இரட்டைக் கொம்பு,
கம்பியைத் தொட்டுத் தொட்டு.

அக்டோபரில் மருத்துவர் சொன்னார்:
பத்துக் கிலோ. குறைந்தது பத்து.
தட்டில் பாதி பச்சையாக இருக்கட்டும்.
பச்சை!
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
ஊரில் பச்சையாக இருந்தது
நாற்சந்தி விளக்கு மட்டும்,
அதுவும் நாற்பது நொடி.

கணவன் சோய்ஜம்ஸ்
விலா எலும்பைக் கத்தியால் வழித்தபடி கேட்டான்:
"புல் ஆட்டுக்கு, ஆடு நமக்கு.
நடுவில் நீ எதற்கு வரிசை தாண்டுகிறாய்?"
அவள் வெள்ளரியைக் கடித்தாள்.
வெள்ளரிக்குப் பதில் சொல்லத் தெரியாது,
சத்தம் போடத் தெரியும்.

பிறகு தெரிந்துகொண்டாள்:
கைப்பையில் வெள்ளரியோடு இரண்டு நிறுத்தம் நடந்தால்
அது கண்ணாடிக் குழாய்,
வீட்டில் இளகினால் கொழகொழ.
கேரட் தாங்கும். கேரட் சீமாட்டி அல்ல.
சீனத்து ஆப்பிள்கள் ஆளுக்கொரு வலைச்சட்டையில் வரும்.
சட்சர்கான் பழத்தை உறைந்தபடியே வாங்கலாம்,
ஆரஞ்சு மணிகள்;
ஒரு பிடி போட்டால் காதுவரை புளிக்கும்,
பசி ஒரு மணி நேரம் வாய் திறக்காது.

இரவில் மட்டும் பசி வேறு ஆள்.
பூஸ் வேகும் பானையின் ஆவி
கதவடியில் நுழைந்து
அவளைக் கூப்பிடும், மெதுவாக, முழுப்பெயர் சொல்லி.
ஒருநாள் எழுந்துபோய் ஐந்து தின்றாள், நின்றபடியே.
ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.
பிறகு அதையும் தின்றாள்.

சனிக்கிழமைதோறும் எடை.
பெரிய கடைக்கு எதிர் நடைபாதையில்
நர்மந்தாக் என்ற பெண்
நீலத் தராசு ஒன்றைக் கம்பளியில் பொதிந்து வைத்திருப்பாள்,
பேட்டரி விறைக்காமலிருக்க.
ஏறு. நேராகப் பார். இறங்கு. முந்நூறு துக்ரிக்.
எண்ணை உரக்கச் சொல்லமாட்டாள்,
உன் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாள்.

பையைக் கீழே வைத்தால் முட்டைக்கோஸ் உறைந்துவிடும்.
ஆகவே பையோடு ஏறி, துலாம்சுரேன் கழிப்பாள்:
முட்டைக்கோஸ் ரெண்டரை,
மேலங்கி நாலு,
காலணி, தொப்பி, சாவிக்கொத்து,
காலையில் குடித்த உப்புத் தேநீர்,
ஆகஸ்டில் செத்துப்போன அக்காவின் வெள்ளி வளையல்
(அதைக் கழிக்க மனம் வராது,
தன் எடையிலேயே சேர்த்துக்கொள்வாள்).

நவம்பரிலிருந்து அசையவில்லை எண்பத்தெட்டு.
ஜனவரி மூன்றாம் சனி, தராசு
எண்பத்தொன்று என்றது.
இருவரும் எண்ணைப் பார்த்தார்கள்,
பிறகு ஒருவரையொருவர்.
"குளிர்" என்ற நர்மந்தாக் தானே ஏறினாள்.
உடுப்போடு தன் எடை அவளுக்கு மனப்பாடம்: ஐம்பத்திரண்டு.
தராசு காட்டியது நாற்பத்தேழு.
"ஐந்து கிலோ பொய்."
"மீதி?"
"மீதி ரெண்டு உன்னுடையது."

ரெண்டு கிலோ.
இத்தனை மாதமும் மென்றதற்குக் கூலி.
ஒரு முட்டைக்கோஸ்கூட இல்லை.

முதலில் சிரித்தது யாரென்று சொல்ல முடியாது.
மூச்சு வெள்ளையாகக் கிளம்பி
எண்ணை மறைத்தது.

பையிலிருந்து தடித்த கேரட்டாக ஒன்றை எடுத்து நீட்டினாள்.
"எனக்கு எதற்கு? குறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?"
"சும்மா தின்னு.
தின்பதற்கும்தான் கேரட்."

அன்று மாலை, பாலத்தை ஒட்டிய வளைவில்
கொம்பு கம்பியிலிருந்து நழுவியது.
பேருந்து நின்றது, விளக்கு போனது.
இருட்டில் நாற்பது பேர்,
ஈரக் கம்பளி வாசம்,
முன்னாலிருந்து ஒரு சத்தம்:
நறுக்.
"அம்மா, என்னமோ உடையுது" என்றது ஒரு குழந்தை.
நறுக்.

இறங்கிக் கொம்பை மாட்டிவிடுவாள்,
இதோ,
இந்த ஒரு வாய் முடியட்டும்.